மரத்தரையில் டைல்ஸ்: ஒட்டுவதற்கு முன்னால்

நம் ஊர்க் கொத்தனார் டைல்ஸ் ஒட்டும்போது கீழே இருப்பது பெரும்பாலும் கான்கிரீட். கனடாவின் தனி வீடுகளில் பெரும்பாலும் தரையே மரம்தான். 16 அங்குல (சுமார் 40 செ.மீ.) இடைவெளியில் ஜாயிஸ்ட் எனப்படும் விட்டச் சட்டங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் பலகையோ பிளைவுட்டோ அடித்திருப்பார்கள். ஸ்கார்பரோவில் பழைய வீடு வாங்கிய தமிழர், மாடிக் குளியலறையைப் புதுப்பிக்க இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது இந்தச் சட்டங்கள்தான்.

மரம் இரண்டு விதமாக அசையும். எடை ஏறினால் வளையும். ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். டைல்ஸோ எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் உடைந்துவிடும். இந்த இரண்டு அசைவுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுப்பதால்தான் பல குளியலறைத் தரைகள் கெட்டுப்போகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வளைவு. வட அமெரிக்காவில் பீங்கான் டைல்ஸுக்கான விதி இது: விட்டம் தாங்கும் தூரத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தரை தாழக் கூடாது. 3.6 மீட்டர் விட்டம் என்றால் 10 மி.மீ. பளிங்கு போன்ற இயற்கைக் கல்லுக்குப் பொதுவாக அதிலும் பாதி, 5 மி.மீ.தான். ஒரு தம்ளரில் தண்ணீரை நிரப்பித் தரையின் நடுவில் வையுங்கள். பக்கத்தில் நின்று குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்குங்கள். தண்ணீர் நன்றாகத் தளும்பினால் கீழே வேலை இருக்கிறது. இது கணக்குக்கு ஈடாகாது, ஆனாலும் எச்சரிக்கை தரும்.

அப்படித் தளும்பும் தரைக்கு மேலே இன்னொரு பிளைவுட் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பிளைவுட் இரண்டு ஜாயிஸ்டுக்கு நடுவிலுள்ள தொய்வைத்தான் குறைக்கும். ஜாயிஸ்டின் வளைவை அவ்வளவாகத் தடுக்காது. குழாய்க்காக வெட்டிப் பலவீனமான ஜாயிஸ்டுக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்குப் புதுச் சட்டம் சேர்த்து முடுக்க வேண்டும். கீழிருந்து முட்டுக் கொடுக்க இடம் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. தாங்கும் தூரம் பாதியானால், நடுவில் விழும் அதே எடைக்கு வளைவு எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

கிறீச்சென்று கத்தும் பலகைகளையும் இப்போதே அடக்க வேண்டும். ஆணி தளர்ந்திருக்கும், அதைப் பிடுங்கிவிட்டு ஜாயிஸ்டுக்குள் ஸ்க்ரூ முடுக்குங்கள். அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது அவசியம். பழைய வினைல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் தேய்த்து எடுக்க வேண்டாம். 1980களுக்கு முந்தைய வினைலிலும் அதன் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சோதித்துத் தெரிந்த பிறகே கை வைக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்கி விரிகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் பலகை வறண்டு இடைவெளி விடும், கோடைப் புழுக்கத்தில் நெருங்கும். அதனால் பலகைமேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டவே கூடாது. அந்தக் காலத்துத் தச்சர்கள் ஜாயிஸ்டுகளுக்கு நடுவில் பலகையைத் தாழ்த்தி அடித்து, கனமாகச் சிமெண்ட் கலவை நிரப்பினார்கள். உறுதியான தரைதான், ஆனால் பாரம் அதிகம்.

இப்போது அந்த இடத்தில் சிமெண்ட் போர்டு வந்திருக்கிறது. பல் கரண்டியால் பசைக் கலவையைப் பிளைவுட்டில் வரிவரியாக இழுத்து, ஈரம் காய்வதற்குள் போர்டை அழுத்தி, சுமார் 20 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ அடிப்பார்கள். அந்தக் கலவை ஒட்டுவதற்காக அல்ல. போர்டுக்கு அடியில் வெற்றிடம் இல்லாமல் நிரப்பத்தான். போர்டுகளுக்கு இடையே 3 மி.மீ. விட்டு, அந்த இணைப்பை வலைநாடா வைத்துப் பூசுவார்கள்.

இன்னொரு வழி, ஜெர்மனியின் ஷ்லூட்டர் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த டிட்ரா விரிப்பு. ஆரஞ்சு நிறத்தில் சுமார் 3 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் விரிப்பு அது. மேல்புறம் முழுக்கச் சிறு சதுரக் குழிகள்; ஒவ்வொன்றும் வாய் குறுகி அடி அகன்றிருப்பதால் உள்ளே போன கலவை இறுகியதும் வெளியே வராது. அடிப்புறத்து நாரிழைத் துணி மரத்தரையோடு ஒட்டிக்கொள்ளும். மரம் பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தாலும் அது மேலே டைல்ஸை எட்டாதபடி நடுவில் இந்த விரிப்பு வாங்கிக்கொள்கிறது. ஆனால் வளையும் ஜாயிஸ்டை இது விறைப்பாக்காது.

எந்த வழியில் போனாலும் சுவரை ஒட்டிச் சுற்றிலும் சுமார் 6 மி.மீ. இடைவெளி வேண்டும். அதில் கிரவுட் போடக் கூடாது; சிலிக்கோன்தான் போட வேண்டும். இறுக்கமாகக் கிரவுட் அடைத்த தரையில், ஜூலைப் புழுக்கத்துக்கு மரம் உப்பும்போது விரிய இடமில்லாமல் நடுவிலுள்ள டைல்ஸ் ஜோடியாகக் கிளம்பிக் கூரைபோல் நிற்கும்.