பிள்ளையின் எடை என்ன, சொல்லுங்கள்

பிள்ளைக்குப் பாய்ப்படகு வாங்க நினைக்கிற பெற்றோர் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது விலையைத்தான். நான் பிள்ளையின் எடையைக் கேட்பேன். “பதினோரு வயசாகுது அண்ணா, நல்லா நீந்துவா” என்பார்கள். நீந்துவது சந்தோஷம். ஆனால் பதினோரு வயதில் 27 கிலோ பிள்ளையும் உண்டு, 45 கிலோ பிள்ளையும் உண்டு. காற்று பாயை அழுத்தும்போது படகைச் சாயவிடாமல் நிறுத்துவது ஓட்டுகிறவரின் உடம்புதான். பாயின் அளவுக்கு எடை போதவில்லை என்றால் பிள்ளை கவிழ்ந்துகொண்டே இருக்கும். எடை மிஞ்சினால் படகு தண்ணீரில் அழுந்தி நகராது. ஆகவே எடையைச் சொல்லுங்கள், பிறகு படகைப் பேசலாம்.

எனக்குப் பிழைப்பு பைபர் வேலை. காசிமேட்டு மீன்பிடிப் படகுகளில் அடி தேய்ந்தாலோ ஓட்டை விழுந்தாலோ தேய்த்து, மேட் வைத்து, ரெசின் பூசி, ஜெல்கோட் அடித்துக் கொடுப்பேன். சென்னைத் துறைமுகத்துக்குள் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் குட்டிப் பாய்ப்படகுகளும் ரிப்பேருக்கு வரும். எந்தப் படகு எங்கே உடையும், எந்தப் படகு ஒரு கோடையோடு கார் ஷெட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்படித் தெரிந்ததுதான்.

துறைமுகத்தில் இந்த விளையாட்டு நேற்று வந்ததில்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் தொடங்கியது. தொடங்கிவைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அப்போது துறைமுகத்தின் தலைவர். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குள் அலை அடங்கியிருக்கும், காற்று மட்டும் உள்ளே வரும். பழகுவதற்கு அது போதும்.

இனி படகு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் பழகும் படகு ஆப்டிமிஸ்ட். துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு அது ‘ஆப்டி’. அழகான படகு என்று நான் சொல்ல மாட்டேன். முன்பக்கம் கூராக இல்லாமல், வெட்டிவிட்ட பெட்டி மாதிரி மொட்டையாக இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1947-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளியர்வாட்டர் என்ற ஊர். அங்கே பிள்ளைகள் மரப்பெட்டியில் சக்கரம் மாட்டிச் சரிவில் உருட்டிப் பந்தயம் விடுவார்கள். அந்த வண்டியைப் பந்தயம் முடிந்ததும் தூக்கி மூலையில் போட வேண்டியதுதான். வருஷம் பூராவும் பிள்ளைகள் விளையாட ஒரு படகு இருந்தால் என்ன என்று மேஜர் கிளிஃபர்ட் மெக்கே என்பவர் கிளப்பில் பேசினார். அந்தக் கிளப்பின் பெயர்தான் ஆப்டிமிஸ்ட். செலவு 50 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊர்ப் படகுக் கட்டுநர் கிளார்க் மில்ஸ் வேலையை எடுத்துக்கொண்டார். பிளைவுட் பலகை எட்டு அடி நீளம்தான் வரும். கூரான முனை வைத்தால் பலகை பற்றாது, அதனால் மூக்கை வெட்டிவிட்டார். 1954-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்ஸல் டாம்கார்ட் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். இப்போது பைபரில்தான் செய்கிறார்கள். ஆனால் மொட்டை மூக்கு அப்படியே இருக்கிறது.

நீளம் 2.3 மீட்டர், உடல் 35 கிலோ, பாய் சுமார் மூன்றேகால் சதுர மீட்டர். பாயின் மேல்முனையை ஒரு குச்சி குறுக்கே தாங்கிப் பிடித்திருக்கும், அதனால் பாய்மரம் உயரமாக இருக்கத் தேவையில்லை. 30 கிலோப் பிள்ளை ஒரு கையில் சுக்கான் பிடி, இன்னொரு கையில் பாய்க்கயிறு என்று தனியாகவே ஓட்டலாம். கயிறு கைநழுவினால் பாய் காற்றில் படபடக்கும், படகு நின்றுவிடும். பயந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல பிரேக் கிடையாது.

வேறு படகுகளும் உண்டு. இங்கிலாந்தில் 1970-களில் வந்த டாப்பர், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் படகு, 3.4 மீட்டர். கல்லில் மோதினாலும் என்னிடம் வேலை வராது. ஆர்.எஸ். டெரா, ஓப்பன் ஸ்கிஃப் இரண்டும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக வரைந்தவை, பார்க்கவே வேகமாக இருக்கும். ஓப்பன் ஸ்கிஃபுக்குப் பின்பக்கமே திறந்திருக்கும். எங்கள் கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் மரங்களுக்கு நடுவே தானே வடிந்துபோகிற கணக்கு. இரண்டு பேர் போகும் படகு வேண்டுமென்றால் 1963 வாக்கில் லண்டன் டெய்லி மிரர் பத்திரிகை தன் பெயரிலேயே கொண்டுவந்த மிரர் இருக்கிறது. சிவப்புப் பாய், பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் பைபர் நாடா ஒட்டிய உடல். வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பெட்டியாக அதை விற்றார்கள். பைபர்க்காரனுக்கு அந்தப் படகின் மேல் தனிப் பிரியம் வராமல் இருக்குமா?

இவற்றில் எது நல்லது என்று பெற்றோர் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கவிழ்ந்த படகைப் பிள்ளை தனியாகத் திருப்பி நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து, ஓட்டிக்கொண்டு வர முடியுமா? கவிழாத பாய்ப்படகு கிடையாது. ஆப்டி கவிழ்ந்தால் பக்கவாட்டில் படுக்கும். படகின் நடுவில் செருகியிருக்கும் பலகை அப்போது தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளை சுற்றி நீந்திப்போய் அந்தப் பலகையைப் பிடித்துத் தொங்க வேண்டும். அவள் எடையில் படகு மெல்ல நிமிரும். அந்தப் பலகையை உடலோடு கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால் படகு தலைகீழாகும்போது நழுவிப் போய்விடும், பிறகு பிடித்துத் தொங்க எதுவும் இருக்காது. நிமிர்ந்த ஆப்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும். உள்ளே கட்டியிருக்கும் மூன்று காற்றுப்பைகள்தான் அதை முழுகவிடாமல் வைத்திருக்கும். பிள்ளை ஏறி, வாளியால் இறைக்க ஆரம்பிப்பாள். இறைத்து முடிக்க நேரமாகும், கை வலிக்கும், சில பிள்ளைகள் அழும். டாப்பரிலும் ஓப்பன் ஸ்கிஃபிலும் இந்த இறைக்கும் வேலை இல்லை.

அப்படியானால் அந்தப் படகுகளையே வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், உங்கள் பிள்ளை ஓட்டும் இடத்தில் வேறு நாலு பிள்ளைகள் அதே படகு வைத்திருந்தால். ஒரே ஒரு டாப்பர், பத்து ஆப்டிக்கு நடுவில் பாவமாக நிற்கும். பந்தயத்தில் சேர முடியாது. கோச் கத்திச் சொல்லும் குறிப்பு அதற்குப் பொருந்தாது. ஒரு கொக்கி உடைந்தால் பக்கத்துப் பிள்ளையிடம் கடன் வாங்க முடியாது. தேசியப் போட்டிகளிலும் சிறுவர்களுக்கு ஆப்டிமிஸ்ட் தனிப் பிரிவு. ஆகவே முதலில் ஒரு கோடை முகாமில் கிளப் படகிலேயே பழகட்டும். சென்னையிலிருந்து ஒலிம்பிக் வரை போன நேத்ரா குமணன் பாயைப் பிடித்ததும் ஒரு கோடை முகாமில்தான். முகாம் முடிந்த பிறகும் பிள்ளை தானாகக் கேட்டால் வாங்குங்கள்.

புதுசா, பழசா? பழசு போதும். ஆனால் படகு பழசு, பாய் புதுசு என்று இருக்கட்டும். பழைய ஆப்டி பார்க்கப் போகும்போது தொங்கு தராசு ஒன்று எடுத்துப் போங்கள். விதிப்படி உடல் 35 கிலோவுக்குக் குறையக் கூடாது. மூன்று நாலு கிலோ கூடியிருந்தால் படகு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். தரைப்பகுதி இரண்டு பைபர்த் தகட்டுக்கு நடுவே நுரை வைத்துச் செய்தது. எங்காவது ஒரு விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனால் லேசில் வெளியே வராது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்று குதிகாலால் அழுத்துங்கள். ஓர் இடம் மட்டும் அமுங்கினால் அங்கே நுரை செத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தாலும் தெரியும். நல்ல இடம் ‘டக்’கென்று பேசும், கெட்ட இடம் ‘தொப்’பென்று இருக்கும்.

அடுத்து, பாய்மரம் நிற்கும் இடம். மேலே குறுக்குப் பலகையில் ஒரு துளை, கீழே ஒரு கிண்ணம். பாயின் பலம் முழுக்க இந்த இரண்டு புள்ளியில்தான் இறங்கும். கிண்ணத்தைச் சுற்றித் தலைமுடி மாதிரி கோடு தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். குறுக்குப் பலகையே ஆடினால் திரும்பி வந்துவிடுங்கள். நடுப்பலகை போகும் பொந்தின் மூலைகள், பின்னால் சுக்கான் மாட்டும் கொக்கிகள், கால் கொடுத்துச் சாய்வதற்கான பட்டை, எல்லாவற்றையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். மரத்தைச் சமதரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். காற்றுப்பைகளை ஊதி ஒரு ராத்திரி விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் தொளதொளவென்று இருந்தால் மாற்ற வேண்டும், அதில் பேரமே கிடையாது.

முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்து நிற்கும் பழைய படகை மட்டும் எனக்குப் பிடிக்காது. நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன், எதற்கு அடிக்கிறார்கள் என்று தெரியும். வாங்குகிறவர் தெரிந்தவராக இருந்தால், உள்பக்கத்தைப் பாருங்கள், வெளியே பார்க்காதீர்கள் என்பேன். உள்பக்கத்தில் ஒட்டு போட்ட இடத்தை யாரும் அவ்வளவு அழகாகத் தேய்க்க மாட்டார்கள்.

பாயைக் கையில் கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வர வேண்டும். வெயிலில் கிடந்து துவண்ட பாய் காற்றில் தொப்பை போடும். பிள்ளை எவ்வளவு இழுத்தாலும் படகு காற்றை எதிர்த்து ஏறாது, பிள்ளையோ தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். புதுப் பாய் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கூடவே முன்பக்கம் கட்டும் இழுவைக் கயிறு: மிதக்கும் ரகம், குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிமன், 8 மீட்டர் நீளம். காற்று செத்தால் பத்துப் படகையும் வரிசையாகக் கட்டி மோட்டார் படகு இழுத்து வருவது அதில்தான்.

மிதவைச் சட்டையைப் பற்றி ஒரே வார்த்தை. மாட்டி, கிளிப் போட்டு, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்குங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரிசு.

எங்கள் பக்கத்துக் காற்று கொஞ்சம் குணம் கெட்டது. கோடையில் நண்பகல் வாக்கில் கடல்காற்று இறங்கினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், தவறினாலும் அது கரைக்கே தள்ளும். ஆனி, ஆடியில் மேல்காற்று விடாமல் வீசும். அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. அந்த நாளில் புதுசாகப் பழகுகிற பிள்ளையை அலைதடுப்புச் சுவருக்கு வெளியே விடவே கூடாது. ஏழிலிருந்து பத்து நாட் வேகம் பழகுவதற்கு நல்லது. தண்ணீரில் வெள்ளை நுரை அடுத்தடுத்துத் தெரிந்தால் அதைத் தாண்டிவிட்டது.

பள்ளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிசாக எடுப்பதுபோல, வளரும் பிள்ளைதானே என்று நேராக லேசர் படகு வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது அதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. நல்ல படகு. நேத்ரா டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதும், விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் அந்த வகைப் படகில்தான். ஆனால் 4.23 மீட்டர் நீளம், 59 கிலோ உடல். அது கவிழ்ந்தால் 33 கிலோப் பிள்ளையால் நிமிர்த்த முடியாது, மணலில் இழுக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் பெரியவர் யாராவது கை கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு அலுத்துவிடும்.

ஆப்டியில் போட்டிக்கு நிற்க விதிப்படி 15 வயது முடியும் வருஷம்வரைதான் இடம். எடை 50 கிலோவைத் தொட்டதுமே பிள்ளைக்கு அந்தப் படகு பற்றாமல் போய்விடும். அப்போது ஆப்டியை விற்றுவிட்டு ஐ.எல்.சி.ஏ. 4 வாங்கலாம். பாய் 4.7 சதுர மீட்டர். உடம்பு ஏற ஏற, பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் பாயையும் மட்டும் மாற்றினால் அதே உடல் ஐ.எல்.சி.ஏ. 6 ஆகும், பிறகு 7 ஆகும். அந்த உடலை வாங்கும்போதுதான் கையில் இருக்கிற பணத்தைத் தாராளமாகப் போட வேண்டும்.