ஆமா, இல்லையா என்று கேட்கும் கணினி

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே, மெக்கின்லி இருவரும் உருவாக்கிய ஆளுமை வினாப்பட்டியலில் 550 வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு' என்று குறிக்க வேண்டும். துளையிட்ட அட்டையை விடைத்தாள்மேல் வைத்து, துளை வழியே தெரியும் குறிகளை ஒருவர் எண்ணுவார். வேறொன்றை அளக்க வேறோர் அட்டை. இந்த வேலையைத்தான் கணினி முதலில் வாங்கிக்கொண்டது. 1960-களின் தொடக்கத்தில் மேயோ கிளினிக்கில் அது மதிப்பெண்ணோடு நிற்கவில்லை. அந்த மதிப்பெண் எதைக் காட்டக்கூடும் என்பதையும் மருத்துவருக்குச் சில வரிகளில் அச்சிட்டுத் தந்தது.

இன்று திரையில் வரும் பட்டியல்கள் பல மிகச் சிறியவை. பாஸ்டன் அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனையில் உருவாகி 2003-இல் வெளிவந்த ஒன்றில் பத்தே கேள்விகள். உறவுகளில் ஓயாத சண்டை, அடங்காத கோபம், நீங்காத வெறுமை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் பற்றியெல்லாம் அது கேட்கும். ஏழு அல்லது அதற்கு மேல் 'ஆம்' வந்தால், எல்லைநிலை ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்று நேர்காணலில் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அவ்வளவுதான், கோளாறு உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல.

ஏன் இத்தனை எச்சரிக்கை? நூறு பேரில் பத்துப் பேருக்குக் கோளாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோளாறு உள்ள பத்தில் எட்டுப் பேரைப் பட்டியல் பிடித்துவிடுகிறது. இல்லாதவர்களிலும் பத்துக்கு எட்டுப் பேரைச் சரியாக விடுவிக்கிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் மீதி 90 பேரில் 18 பேர் தவறாகச் சிக்குவார்கள். ஆக, சிக்கிய 26 பேரில் உண்மையில் கோளாறு உள்ளவர்கள் எட்டுப் பேர்தான். கணினி துல்லியமாக எண்ணினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான், முடிவைக் கோளாறின் பெயராகவே திரையில் காட்டும் செயலிகளை என்னால் ஏற்க முடியவில்லை.

மனச்சோர்வும் முடிவைக் குழப்பும். சோர்வில் இருப்பவர் தன் வாழ்நாள் முழுவதையும் அந்த இருட்டிலேயே பார்த்துப் பதில் சொல்வார். இளவயதிலிருந்தே இப்படித்தானா, வீட்டிலும் வேலையிலும் நட்பிலும் இப்படித்தானா என்று மருத்துவர் துருவிக் கேட்ட பிறகே ஆளுமை எது, நோய் எது என்று பிரியும்.

திரைக்கும் ஒரு பலம் உண்டு. முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதைச் சிலர் அதில் சொல்லிவிடுகிறார்கள், தற்கொலை எண்ணம் உட்பட. தற்கொலை பற்றிய கேள்விக்கு 'ஆம்' வந்தால் மொத்த மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஒருவர் நேரில் அவரோடு பேச வேண்டும்.