வெறுஞ்சுவரில் ஒரு ஆவுளியா!

வாசல் தாண்டினதும் நீளமா ஒரு நடை. ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். செம போரா? பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒண்ணு இருந்தா போதும், ஸ்டென்சில் ரெடி! துளை போட்ட அச்சில் கோலமாவு தூவுறோமே, அதே டெக்னிக்தான்.

டிசைனுக்கு ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டுக்கு ஒரு டிரிப் அடிங்க. அலையாத்திக் காட்டுக்குள்ளே படகுப் பயணம் சூப்பர். இலை, வேர், பறவைன்னு எல்லாமே டிசைன்! ஆனா அந்தப் பக்கத்துக் கடலின் நிஜ ஹீரோ கண்ணில் படுவது குதிரைக்கொம்பு. அதுதான் கடல்பசு. மீனவர்கள் சொல்ற பேரு, ஆவுளியா. அதைக் காக்க 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கி.மீ. பரப்பைக் காப்பகமா அறிவிச்சது தமிழக அரசு.

உருவத்தை ஃபிலிமில் வரைஞ்சு பிளேடால் வெட்டுங்க. கண்ணை முழுசாச் சுத்தி வெட்டினா கழன்று விழுந்துடும். மெல்லிசா ஒரு இணைப்பு விடுங்க. கடலோர வீடுன்னா சுவரில் உப்பு பூத்திருக்கும். சுரண்டிட்டு, ப்ரைமர் அடிச்சு, காய்ஞ்சதும் ஆரம்பிங்க. ஃபிலிமை டேப் போட்டு ஒட்டி, ஸ்பாஞ்சில் துளியூண்டு பெயின்ட் தொட்டு ஒத்தி எடுங்க. தேய்ச்சா ஓரம் கசியும்.

வீட்டுக்கு வர்ற வாண்டு, "இது என்ன மீன்?"னு கேட்கும். "மீன் இல்லடா, குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆவுளியா"ன்னு சொல்லுங்க. கடலில் குறைஞ்சுட்டே வர்ற உயிர், நம்ம பேச்சிலிருந்தும் காணாமப் போகக் கூடாதில்லையா?