வலி வந்தால்தான் வைத்தியமா? மலையடிவாரத்தில் தொடங்கி தில்லி வரை நீளும் பல் பிரச்னை

புது தில்லி: திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் சென்றவர்கள் வித்துராவைக் கடந்துதான் சென்றிருப்பார்கள். நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நெடுமங்காடு வட்டத்தில் அமைந்த மலையடிவார ஊர் அது. சுற்றிலும் ரப்பர் தோப்புகள். மேலே தேயிலைத் தோட்டங்கள். அகத்தியமலைச் சாரலில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள். மலையின் இந்தப் பக்கம் பாபநாசம், பேச்சிப்பாறை காடுகளில் வாழும் காணி மக்களும் இவர்களும் ஒரே இனத்தவர். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது.

வித்துராவில் அரசு மருத்துவமனை உண்டு. மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் அங்குதான் இருக்கிறது. ஆனாலும், கடைவாய்ப் பல்லுக்கு 'ரூட் கேனால்' எனப்படும் வேர் சிகிச்சையோ, தாடையில் அறுவைச் சிகிச்சையோ அரசுச் செலவில் தேவைப்படும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு, 1959-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிதான் புகலிடம். போய் வர ஒரு நாள். அன்றைய கூலி இல்லை. ஒரு முறை போனால் முடிகிற வேலையும் அல்ல. ஆகவே, வலி பொறுக்க முடியாத கட்டம் வரும்வரை யாரும் பேருந்து ஏறுவதில்லை. மக்கள் நலத் துறையில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்படும் கேரளத்தின் நிலையே இது என்றால், மற்ற மாநிலங்களின் மலைக் கிராமங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வாயைப் பொருத்தவரை வலி என்பது தாமதமாக வரும் செய்தி. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பல்லின் மேற்புறமுள்ள எனாமலுக்கு உணர்ச்சி நரம்பு கிடையாது. நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. அதுவரை எந்த வேதனையும் தெரியாது. அரிப்பு அடுத்த அடுக்கை எட்டியதும் குளிர்ந்த நீரும் இனிப்பும் 'சுரீர்' என்கின்றன. சில நொடிகளில் மறையும் அந்தக் கூச்சம்தான் மருத்துவரிடம் செல்வதற்கு உரிய காலம். அப்போது போனால் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். செலவும் குறைவு.

அதைப் பொருட்படுத்தாமல் விட்டால், சொத்தை பல்லின் நடுவிலுள்ள கூழை அடைகிறது. சூடாக எதையாவது குடித்தபின் நெடுநேரம் நீடிக்கும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை இந்தக் கட்டத்துக்கு உரியவை. இனி வேர் சிகிச்சை அல்லது பல்லைப் பிடுங்குதல் என இரண்டே வழிகள். இதற்குப் பிறகுதான் ஏமாற்றும் கட்டம் ஒன்று வருகிறது. நாலைந்து நாள் துடிக்க வைத்த வலி திடீரென்று நின்றுவிடும். கிராம்புத் தைலம் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் மகிழ்வார்கள். உண்மையில் பல்லின் நரம்பு இறந்துவிட்டது. வேரின் நுனியில் சீழ் சேரத் தொடங்கியிருக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அது வீக்கமாகத் திரும்பும்.

கன்னமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலும் கண்டு, வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ இயலாமல் போனால் மறுநாள் வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. தாடைக்கு அடியில் பரவும் சீழ் மூச்சுக் குழாயை நெருக்கக்கூடும். இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை இது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'ஆன்டிபயாடிக்' மாத்திரை வீக்கத்தைச் சற்றுத் தணிக்கலாம். சீழுக்கு வழி செய்யாமல், காரணமான பல்லைக் கவனிக்காமல் நோய் தீராது. வலிக்கும் பல்லின் அருகே ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கொள்ளும் பழக்கமும் கைவிடத் தக்கது. ஈறு வெந்து புண்ணாவதே மிச்சம்.

ஈறு நோயோ சொத்தையைக் காட்டிலும் அமைதியானது. பல் துலக்கும்போது ரத்தம் கசிவதே அதன் முதல் அடையாளம். ரத்தத்தைக் கண்டு அந்த இடத்தில் துலக்குவதை நிறுத்திவிடுவோர் பலர். அழுக்கு மேலும் படிந்து நோய் முற்றும். படிந்து இறுகிய காரையை மருத்துவர் அகற்றினால் பல் ஆட்டம் காணும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. பல்லை ஆட வைப்பது காரையும் அதனடியில் எலும்பைக் கரைக்கும் நோயும்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. நீரிழிவு மிகுந்த கேரளத்திலும் தமிழகத்திலும் சர்க்கரை நோயாளிகளின் வாயையும் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு தவறு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும் 'விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதற்குமான பல்; போனால் போனதுதான். விளையாட்டில் அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாகப் பெயர்ந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால் பல்லை மீண்டும் பொருத்த முடியும். இதைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம்.

மலையாள நாட்டிலும் குமரி, நெல்லை வட்டாரங்களிலும் இன்னும் சில வீடுகளில் உமிக்கரி இருக்கிறது. பல் வெண்மையாவது போலத் தோன்றினாலும் அது எனாமலைத் தேய்க்கிறது. ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் இரவிலும் துலக்குவதே போதுமானது. 2025 செப்டம்பரில் பற்பசை, பிரஷ் மீதான சரக்கு, சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்ல செய்தி. பல் துலக்குவது ஆடம்பரமல்ல என்பது காலம் தாழ்ந்தேனும் உணரப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே ஃப்ளோரைடு குடிநீரில் அளவு மீறியதால் பற்களில் பழுப்புக் கறை படிந்ததும், அதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்ததும் வாசகர்கள் அறிந்ததே. பல்லின் நிறம் இரு மாநில அரசியலைக் கலக்கிய அபூர்வ நிகழ்வு அது.

13 ஊராட்சிகள் சொன்ன பாடம்

வலி வரும்வரை காத்திருப்பதன் விலை, வாய்ப் புற்றுநோயில்தான் முழுமையாகத் தெரிகிறது. இந்த இடத்தில் வித்துரா அடங்கிய திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு உலக மருத்துவ வரலாற்றில் தனி இடம் உண்டு.

1996-ல் அம்மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 35 வயதைக் கடந்தவர்களிடையே ஓர் ஆய்வு தொடங்கியது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து நடத்தின. ஏழு ஊராட்சிகளில் மட்டும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். வேறு பாடங்களில் பட்டம் பெற்ற இளைஞர்கள். வெண்படலம், செம்படலம், ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றைத் தேடினார்கள். சந்தேகத்துக்கு உரியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சுற்று. எஞ்சிய ஆறு ஊராட்சிகளில் வழக்கமான சிகிச்சை மட்டுமே.

சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2005-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. ஆனால், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே, பரிசோதிக்கப்பட்ட ஊராட்சிகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கண்ணால் பார்ப்பதே உயிர் காக்கும் என்பதைக் காட்டிய இந்த ஆய்வை உலகமே மேற்கோள் காட்டுகிறது.

அந்தப் பாடத்தை நாடு எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டது? முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன் பிறகு, 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில் எப்போதாவது வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம். இடையில் கொரோனா குறுக்கிட்டது என்பது உண்மைதான். என்றாலும், நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்குக்கு அது மட்டுமே காரணமாகிவிடாது.

பாக்கு மெல்லுவது புற்றுநோய்க்குக் காரணம் என்று சர்வதேச முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளும் அதில் அடங்கும். குட்காவைக் கேரள அரசு 2012-ல் தடை செய்தது. தோட்டத்திலும் காட்டிலும் உழைப்பவர்களிடம் வெற்றிலை வெறும் பழக்கமல்ல. பசியையும் அலுப்பையும் தாங்க வைக்கும் துணை. 'மெல்லாதே' என்று சுவரில் எழுதிவிட்டுப் போவதால் பயனில்லை. வாயில் தோன்றும் புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வலி இல்லை என்றாலும், காட்டியே ஆக வேண்டும் என்ற ஒரு செய்தியாவது ஒவ்வொரு குடியிருப்புக்கும் போய்ச் சேர வேண்டும். தொட்டால் ரத்தம் வரும் சிவந்த படலம், கழுத்தில் கட்டி, உண்ணும்போது எரிச்சலோடு நாளுக்கு நாள் குறுகும் வாய் ஆகியவையும் அவ்வாறே.

நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சம் என்று சொல்லவும் முடியாது. முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, பெரும்பாலானவை தனியாருடையவை. 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றியது. கல்லூரிகளை ஒழுங்குபடுத்துவது பற்றி அவையில் பேசப்பட்ட அளவுக்கு, படித்து வெளியே வருவோரை வட்ட மருத்துவமனைகளில் அமர்த்துவது பற்றிப் பேசப்படவில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களுக்கானது. சொத்தையை அடைப்பதற்கு அதில் இடமில்லை. அடைக்காத சொத்தை முற்றி, கழுத்து வீங்கி, உள்நோயாளியாகப் படுத்தால் இடமுண்டு! கேரள அரசும் 'மந்தஹாசம்' என்ற திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குப் பல் செட் வழங்குகிறது. பல்லெல்லாம் போன பிறகு கிடைக்கும் உதவியே ஆனாலும், அதைக்கூடச் செய்யாத மாநிலங்கள் பல.

ரத்த அழுத்தம் பார்க்கவும் சர்க்கரை சோதிக்கவும் ஆஷா ஊழியர்கள் இப்போதே வீடு தேடிச் செல்கிறார்கள். அதே வருகையில் ஒரு டார்ச் விளக்கைக் கையில் கொடுத்து, வாயைத் திறந்து பார்க்கப் பயிற்சியும், அதற்குரிய ஊதியமும் தர வேண்டும். அவர்கள் அனுப்பும் நோயாளியைப் பார்க்க, வித்துரா போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் வாரம் முழுவதும் பல் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். இதற்கான நிதியை தேசிய சுகாதார இயக்கத்தின் ஆண்டுத் திட்டத்தில் மாநிலங்கள்தான் கேட்டுப் பெற வேண்டும். மத்திய அரசு மறுக்காமல் தர வேண்டும்.