குட்டி யானை ஏன் தள்ளாடுகிறது?

தாவணி என்றதும் நமக்குப் பாவாடை தாவணிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மதுரை மாட்டுத்தாவணிக்கும் அந்தத் தாவணிக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது! மாடுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் நீளக் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அப்படி மாடுகளைக் கட்டி விற்கும் சந்தைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். எல்லாம் பார்த்த பிறகு, "கொஞ்சம் நடக்க விடுங்கள்" என்பார்கள். நடையில் கோணல் இருந்தால் பேரம் அத்தோடு சரி.

இப்போது மாட்டுத்தாவணியில் 1999-ல் திறந்த பெரிய பஸ் நிலையம் இருக்கிறது. காய்கறி மார்க்கெட்டும் பூ மார்க்கெட்டும் இருக்கின்றன. பாரம் சுமக்கும் ஜீவன்களுக்கும் காலுக்குப் பதில் சக்கரம் வந்துவிட்டது. 2005-ல் டாட்டா ஏஸ் என்ற சின்ன வண்டி முக்கால் டன் பாரத்துக்கென்று வந்தபோது, நம் ஊர் ஜனங்கள் அதற்குச் செல்லமாகக் "குட்டி யானை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அண்ணன் முறையாகும் பெரிய பிக்கப் வண்டிகளும் உண்டு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியிலிருந்து சாம்பாருக்கு வேண்டிய முருங்கைக்காய் வரையில் எத்தனையோ சரக்கு இந்த வண்டிகளில்தான் பிரயாணம் செய்கிறது.

சரி, இந்த யானைகளை யாராவது நடக்க விட்டுப் பார்க்கிறார்களா? அதுதான் கேள்வி!

டிரைவருக்குத் தெரியாத நோய்

நேரான சாலையில் வண்டி போகிறது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் சும்மா இருக்க முடியவில்லை. வண்டி சற்று இடப்புறம் நகர்கிறது, திருத்துகிறார். உடனே வலப்புறம் நகர்கிறது, மறுபடி திருத்துகிறார். பெரிய பஸ் ஒன்று "விர்"ரென்று கடந்து போனால், அந்தக் காற்றிலேயே வண்டி ஓரடி விலகிப் போகிறது. இதைத்தான் பட்டறைக்காரர்கள் "வண்டி அலைகிறது" என்கிறார்கள்.

இந்த நோயின் பொல்லாத்தனம், அது ஒரே நாளில் வருவதில்லை என்பதுதான். தினம் ஓட்டுகிறவருடைய கை தன்னையறியாமல் அதற்குப் பழகிவிடுகிறது. "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று அவர் சொல்வது பொய்யல்ல, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்தில் எப்போதாவது உட்கார்ந்து போகிறவர்களுக்குத்தான் சட்டென்று தெரியும். "ஏனுங்க, நேர் ரோட்டிலே எதற்கு இப்படித் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள்?" என்று மனைவி கேட்டால், அதை வெறும் தொணதொணப்பு என்று தள்ளிவிடக் கூடாது. அது ஒரு வைத்தியப் பரீக்ஷை!

நகையை அடகு வைத்துப் பழைய வண்டி வாங்கிய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மல்லிகை ஒரு நாள் கூடக் காத்திருக்காது. வண்டி பட்டறையில் நின்றால் அன்றைய வாடகை போயிற்று. ஆகவே "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். ஆனால் விடியுமுன் தூக்கக் கண்ணோடு, எதிரே லாரி விளக்கு கண்ணைப் பறிக்க, மேலூர்ச் சாலையில் அலைகிற வண்டியைக் கட்டி மேய்ப்பது சாமானியமல்ல. ஓரடி விலகல் எங்கே கொண்டு விடும் என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்று நோய், மூன்று மருந்து

முதலில் நோயைச் சரியாகப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒரே பக்கமாக விடாமல் சாய்ந்தால், அது "இழுப்பு". ஒரு டயரில் காற்றுக் குறைவு, ஒரு பக்க பிரேக் விடாமல் பிடிப்பது, டயரின் உள் அமைப்பில் கோளாறு இவையெல்லாம் காரணமாகலாம். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்! குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கினால், அது "நடுக்கம்". அதற்குச் சக்கரத்தின் எடைச் சமநிலையை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போவதுதான் "அலைச்சல்".

அலைச்சல் ஏன் வருகிறது? மாட்டு வண்டியில் ஸ்டியரிங் கிடையாது. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நான்கு சக்கர வண்டியின் முன் சக்கரங்கள் தனித்தனிக் கீலில் திரும்பும்படி ஜெர்மானியரான லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் குதிரை வண்டிக்காக ஓர் ஏற்பாடு செய்தார். அதற்கு 1818-ல் இங்கிலாந்தில் அக்கர்மன் என்பவர் காப்புரிமை எடுத்தார். அந்தத் தத்துவம்தான் இன்றும் மோட்டார் வண்டிகளில் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே பல தண்டுகள், பல மூட்டுகள். பந்து ஒன்று குழிக்குள் சுழல்வது போன்றவை அந்த மூட்டுகள். நம் வீட்டு ஆட்டுக்கல்லைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அரைத்து அரைத்துக் குழி தேய்ந்தால் குழவி எப்படி லொடலொடவென்று ஆடுகிறதோ, அப்படியே இந்த மூட்டுகளும் ஆடும். ஒவ்வொன்றிலும் துளி ஆட்டம்; எல்லாம் சேர்ந்தால் சாலையில் ஓரடி!

செலவில்லாதது முதலில்

வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. சல்லிக் காசு செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும்.

டயரில் காற்று எவ்வளவு வேண்டுமென்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அநேக வண்டிகளில் கதவோரச் சீட்டிலும் இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அதன்படி பார்க்க வேண்டும். ரேடியல் டயரும் நைலான் டயரும் கலந்து கிடந்தால், குணம் ஒத்துப் போகாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அப்படிக் கலக்கக் கூடாது.

அடுத்தது பாரம். காய்கறி மூட்டைகளைப் பின்கோடி வரையில் அளவுக்கு மீறி அடுக்கினால், பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் லேசாகிவிடும். முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடித்தால்தானே திரும்பச் சொன்னபடி கேட்கும்? காலியாகப் போகும்போது ஒழுங்காகவும், பாரத்தோடு போகும்போது மட்டும் அலைந்தும் போனால் சரக்கு ஏற்றிய விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இருவர் செய்யும் சோதனை

மூன்றாவது மூட்டுகள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். இதைப் பட்டறையில் செய்வதே நல்லது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு அசைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்காக இருந்தால் எஞ்சின் ஓட வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே, தொட்டும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒரு தண்டு அசைந்து அடுத்த தண்டு அசையத் தாமதித்தால், நடுவிலுள்ள மூட்டுத்தான் கள்ளன்! ஸ்டியரிங் பெட்டியே சட்டத்தில் தளர்ந்து ஆடுகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் போன்ற சுழல் மூட்டு. எவ்வளவு சுலபமான தந்திரம் பாருங்கள்!

பின்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. பின் ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு கட்டும் யு போல்ட்டுகள் தளர்ந்து, நடு போல்ட்டும் முறிந்தால், பின் அச்சே சற்று நகர்ந்துவிடும். அப்புறம் முன்னால் எத்தனை பழுது பார்த்தாலும், பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது போலத்தான் வண்டி போகும்.

அவசர வைத்தியம் வேண்டாம்

ஆட்டம் தெரிகிறது என்றதும் ஸ்டியரிங் பெட்டியின் திருகை நன்றாக இறுக்கிவிடுவது ஒரு குறுக்கு வழி. மழைக் காலத்தில் ஊதிப் போன கதவு போல அது பிடித்துக்கொள்ளும். திருப்பினால் திரும்பும், தானாக நேருக்கு வராது. அலைச்சல் முன்னிலும் அதிகமாகும்! கிரீஸ் காணாமல் இறுகிய கிங் பின்னும் இதே வேலையைத்தான் செய்யும். வளைந்த தண்டைக் காய்ச்சி நிமிர்த்துவதும் பற்றவைப்பதும் கூடவே கூடாது. புதிது போட வேண்டும். மூட்டு மாற்றினால் பூட்டுப் பின்னும் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக வருவது வீல் அலைன்மென்ட். கையை விட்டுச் சைக்கிள் ஓட்டும் பையனைப் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரக் கவை சாய்வாக இருப்பதும் அந்தச் சைக்கிள் நேரே போக ஒரு காரணம். பிக்கப் வண்டிக்கும் அப்படிப்பட்ட சாய்வு உண்டு. ஸ்பிரிங் பட்டை மாற்றும்போது அதன் கீழுள்ள ஆப்புத் தகட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தச் சாய்வு கெட்டுவிடும். முன் சக்கரங்கள் முன்புறம் விரிந்து நின்றாலும் வண்டி அலையும். இவற்றைக் கம்பெனி சொன்ன அளவுக்குத் திருத்துவதுதான் அலைன்மென்ட். ஆனால் தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடுகிற முக்காலியில் தராசை வைத்து நகை நிறுப்பது போல. பணம் கொடுத்த மறுநாளே பழைய கதைதான்! மூட்டு முதலில், அலைன்மென்ட் பிறகு.

வீட்டுக் கணக்கை எழுதும் சகோதரிகளுக்கு இது முக்கியமான விஷயம். வாரம் ஒரு முறை காற்று, கையேடு சொன்னபடி கிரீஸ், மூட்டில் ஆட்டம் தெரிந்த அன்றே பட்டறை: இந்த மூன்றையும் வண்டிச் செலவில் முதல் வரியாக எழுதிவிடுங்கள். பட்டறையில் வண்டி நிற்கும் அந்த ஒரு நாள் வாடகையையும் செலவோடு சேர்த்து எழுதுங்கள். அது நஷ்டமல்ல, விடியுமுன் புறப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகக் கட்டுகிற தொகை.