இணைய மேற்கோளும் அதன் அறமும்

நூலாசிரியர் ஒருவர் பிறிதொரு நூலை மேற்கோளாக எடுத்தாளுங்கால், அந்நூலின் தகுதிக்குத் தாமே சான்று பகர்கின்றார். இணையப் பக்கம் ஒன்று மற்றொரு பக்கத்திற்குத் தரும் இணைப்பும் இத்தகையதே. இவ்விணைப்பு ஒரு தளத்தைத் தேடுபொறியின் பட்டியலில் எங்ஙனம் உயர்த்துகின்றது என்பதையும், அதனை நேர்மையாகப் பெறும் நெறி யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

மேற்கோள்வழி ஆய்வுரைகளைத் தொடர்புறுத்தும் முறையை யூஜின் கார்பீல்டு 1955இல் எடுத்துரைத்தார். அவர்தம் அறிவியல் மேற்கோள் அடைவு 1964இல் வெளிவந்தது. 1998இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற செர்கி பிரினும் லாரி பேஜும் இத்தகைய கருத்தை இணையத்திற்குப் பொருத்திப் பேஜ்ராங்க் என்னும் கணக்கீட்டை விளக்கினர். கூகுள் தேடுபொறிக்கு அதுவே அடிப்படையாயிற்று. இதன்கண் இணைப்புகளின் தொகை மட்டும் கருதப்படுவதன்று; இணைப்பைத் தரும் பக்கத்தின் மதிப்பும் கருதப்படும். அம்மதிப்பு, அப்பக்கம் சுட்டும் பக்கங்களுக்கெல்லாம் சமமாகப் பங்கிடப்பெறும். ஆகவே, பத்துப் பக்கங்களைச் சுட்டுவதன் சான்று வலிது. ஆயிரத்தைச் சுட்டுவதன் சான்று மெலிது. இன்று வேறு பல அளவைகளும் உளவெனினும், இணைப்பும் அவற்றுள் ஒன்றாக நிலவுகின்றது.

சான்றுக்குப் பயன் உண்டாயவிடத்துப் பொய்ச்சான்றும் தோன்றும். இணைப்பை விலைக்குக் கொள்ளுதல், இணைப்பின்பொருட்டே போலித் தளங்களைப் படைத்தல் ஆகியன அவ்வகையின. இவற்றால் கேடுறுவோர் போட்டியாளர் மட்டுமல்லர்; நோய்க்கு மருந்து யாதெனத் தேடும் எளியோரும் பொய்யுரையையே முதலிற் காண்பர். இதனைத் தடுத்தற்கு 2005இல் நோபாலோ என்னும் குறியீடு வகுக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் என்னும் திருத்தம் போலி இணைப்புகளால் உயர்ந்த தளங்களைத் தாழ்த்தியது. 2019இல் விளம்பர இணைப்புக்குத் தனிக்குறியீடும் ஏற்பட்டது.

இனி, நேரிய நெறியை நோக்குவாம். பிறர் சுட்டாதிருத்தற்கியலாத ஒன்றைப் படைத்தலே அதன் முதற்படி. ஒரு தமிழ்த்துறை சங்க நூலொன்றின் சொல்லடைவைத் திருத்தமுறத் தொகுத்து வெளியிடின், ஆய்வாளர் அதனைத் தாமே சுட்டுவர். அதன் முகவரியை மாற்றாமை இரண்டாவது. மாற்ற நேரின், பழைய முகவரியிலிருந்து நிலையான வழிமாற்றம் அமைத்தல் வேண்டும். அன்றேல் பெற்ற இணைப்பெல்லாம் பாழாம். பிறர் தளத்தில் அறுந்த இணைப்பைக் கண்டவிடத்து அதனை அறிவித்து, பொருந்துமாயின் தம் பக்கத்தைப் பரிந்துரைத்தல் மூன்றாவது.

கேட்டுப் பெறுதல் குற்றமோ எனின், அன்று. தருவோர் தம் மதிப்பீட்டால் மனமுவந்து தருதலே வேண்டற்பாலது. தேடுபொறி என ஒன்று இல்லாவிடினும் இவ்விணைப்பு படிப்போர்க்குப் பயன்படுமோ என வினவுக. பயன்படுமெனின் அது மேற்கோள். அன்றெனின் அது கைக்கூலி என்பது நம் துணிபு.