பொன் கூரை யார் கைவேலை?



ஆல்ப்ஸ் மலை என்றதும் நம் மனதில் வருவது என்ன? சினிமாப் பாட்டில் பார்த்த பனி, பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய மாடு... அவ்வளவுதான்! ஆனால் அந்த மலைகளுக்கு நடுவே, டிப்ளமோ படிக்கிற நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆஸ்திரியா நாட்டில், டிரோல் மாநிலத்தின் தலைநகரான இன்ஸ்புரூக். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே "இதைக் கட்டிய ராஜா யார்?" என்று கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. "இதை எப்படிச் செய்தார்கள்? செய்தவர்கள் யார்?"

பாலத்தில் பிறந்த ஊர்

'இன்' என்பது ஆற்றின் பெயர். 'புரூக்' என்றால் பாலம். ஆக, ஊர்ப் பெயரே ஒரு சிவில் வேலை! ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் குறுக்கே ஆல்ப்ஸ் சுவர் மாதிரி நிற்கிறது. அதைத் தாண்டும் முக்கியமான கணவாய்களில் உயரம் குறைந்தது பிரென்னர். சுமார் 1,370 மீட்டர்தான். அந்த வழி ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலம் வந்தது. பாலத்தருகே சந்தை கூடியது. சந்தை வளர்ந்து நகரமாயிற்று.

மின்னும் ஓடுகள்

பழைய நகரின் நடுவே இருப்பது பொன் கூரை. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் 1500-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய மாடம் அது. சதுக்கத்தில் நடக்கும் விழாக்களை அதில் நின்றுதான் பார்ப்பாராம். அதன்மேல் தங்க முலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள்! அந்தக் காலத்தில் கரண்ட் ஏது, எலக்ட்ரோ பிளேட்டிங் ஏது? தங்கத்தையும் பாதரசத்தையும் கலந்து கூழாக்கி, செம்பின்மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும்.

சரி, அந்த ஆவி எங்கே போகும்? வேலை செய்கிறவர் மூச்சில்தான்! பாதரசம் நரம்பைக் கெடுக்கும் விஷம். கை நடுங்கும், பல் ஆடும். கூரையைப் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டாமா?

காலியான கல்லறை

அங்கிருந்து சில நிமிட நடையில் அரசவைத் தேவாலயம். மாக்சிமிலியனுக்காக எழுப்பிய கல்லறைச் சின்னம் அதில் உள்ளது. சுற்றிலும் ஆளை விடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள் காவல் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் 'கறுப்பு மனிதர்கள்' என்பார்கள். ஆனால் அதில் எட்டுப் பேர் பெண்கள்! 1502-இல் தொடங்கிய வேலை 1584-இல்தான் முடிந்தது. பேரரசர் 1519-லேயே இறந்துவிட்டார். அவர் உடல் இருப்பது வியன்னா பக்கத்து வீனர் நோய்ஸ்டாட் நகரில். ஆம் நண்பர்களே, இந்தக் கல்லறை காலி! ராஜா இல்லாத இடத்துக்குக் கூட்டம் ஏன் வருகிறது? வார்ப்பு வேலையைப் பார்க்கத்தான்.

எங்க அப்பா ஒரு பித்தளைப் பட்டறையில் உலை முன்னால் நிற்கிறவர். எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "இந்த வெக்கை எங்களோட போகட்டும், நீ படிச்சு வெளியே போயிடுப்பா" என்பார். அந்தச் சிலைகளைப் பற்றிப் படித்த பிறகு அப்பாவிடம் சொன்னேன்: "உங்க வேலையைப் பார்க்கத்தாம்பா அங்க டிக்கெட் வாங்கிட்டுப் போறாங்க." சிரித்தார். பிறகு கேட்டார்: "உருக்கினவன் பேரை எழுதி வச்சிருக்காங்களா?"

சிலருடையது இருக்கிறது. ஸ்டீபன் கோடல், கிரெகோர் லோஃப்ளர் ஆகிய வார்ப்பாளர்களின் பெயர்களை வரலாறு காப்பாற்றி வைத்திருக்கிறது. உலை ஊதியவர்கள், மண் பிசைந்தவர்கள் பெயர்தான் இல்லை. அதே ஊரில் கிராஸ்மாயர் குடும்பம் 1599 முதல் மணி வார்க்கிறது. இன்றும் நடக்கும் அந்தப் பட்டறையோடு அருங்காட்சியகமும் இருக்கிறது.

புதிய வேலைகள்

ஊர் இருப்பது 574 மீட்டர் உயரத்தில். தலைக்கு மேலே 2,334 மீட்டர் ஹாஃபெலேகார் சிகரம். அதன் பக்கம் வரை ஏற 1928-லேயே கம்பிவட ஊர்தி போட்டார்கள். ஊருக்குள்ளிருந்து அந்த ஊர்தி புறப்படும் இடத்துக்கு ஏற்றிவிடும் மலை ரயில் 2007-இல் புதிதாயிற்று. சரிவு மாற மாற, பெட்டிகள் தாமே சாய்வைச் சரிசெய்து பயணியைச் சமமாக வைத்துக்கொள்ளும். அதன் நிலையங்களை உருகும் பனி போலக் கண்ணாடியில் வடிவமைத்தவர் பாக்தாத்தில் பிறந்த ஜஹா ஹதீத் என்ற பெண்மணி. தோழியரே, கவனியுங்கள்!

நகருக்குத் தெற்கே 1963-இல் திறந்த ஐரோப்பா பாலம். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து சுமார் 190 மீட்டர் உயரம்! அதைக் கட்டும்போது 22 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் நினைவாகப் பாலத்தருகே சிறு தேவாலயம் ஒன்று இருக்கிறது. அப்பாவின் கேள்விக்கு அந்த ஊர் சொன்ன பதிலாகவே அதை நினைக்கிறேன்.

நண்பர்களே! நாளை நாமும் டிராயிங் போடுவோம், சைட்டில் நிற்போம். எந்த ஊரைச் சுற்றிப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்போம்: எதனால் செய்தது? எப்படிச் செய்தது? செய்தவருக்கு என்ன ஆயிற்று? மூன்றாவதைக் கேட்கிறவன்தான் முழு இன்ஜினியர்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்